மேடும் பள்ளமும் சமனாக

நெல் வயலில் மேடு எது, பள்ளம் எது என்பதைக் கண்ணைவிடத் தண்ணீர் சரியாகச் சொல்லும். நடவு முடிந்து நீர் கட்டிய மறுநாள் வரப்பில் நின்று பார்த்தால் போதும். மேட்டுத் திட்டுகள் அங்கங்கே முதுகு காட்டும்; பள்ளத்தில் நாற்று நுனிவரை மூழ்கிக் கிடக்கும். நீர் நிற்காத மேட்டில் களை மண்டும். நீர் வடியாத பள்ளத்தில் தூர் கட்டுவது தடைபடும், இளம்பயிர் அழுகவும் செய்யும். இட்ட உரமும் மேட்டில் நிற்காமல் நீரோடு பள்ளத்துக்கு இறங்கிவிடும். அறுவடை நாளில் ஒரு பக்கம் கதிர் முற்றி உதிரத் தொடங்கியிருக்க, இன்னொரு பக்கம் பச்சை மாறாமல் நிற்கும். விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் விளைச்சல் ஏறாத பல வயல்களில் கோளாறு தரையின் மட்டத்தில்தான் இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தரும் கணக்குப்படி, ஆசிய நெல் வயல்களில் மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் சராசரியாக 16 செ.மீ. வித்தியாசம் இருக்கிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த வயலில் மேடு நனைய வேண்டுமானால் சராசரியாக 8 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்தியாக வேண்டும். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது சுமார் 40,000 லிட்டர். 8 செ.மீ. என்றால் 3 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி 27 முறை கொண்டுவந்து ஊற்ற வேண்டிய அளவு. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருப்பவருக்கு இது மோட்டார் ஓடும் நேரம். கடைமடையில் இருப்பவருக்கோ முறை வைத்துக் கிடைக்கும் தண்ணீரில் பாதி வயல் நனையாமல் போவது. வரப்பு உயரம் போதாத வயலில் அவ்வளவு தண்ணீரை நிறுத்தவே முடியாது என்பதால் மேடு கடைசிவரை காய்ந்துதான் கிடக்கும்.

வயல் எப்படிக் கெடுகிறது

ஒரு காலத்தில் சமனாக இருந்த வயலும் ஆண்டுக்கணக்கில் உழவு ஓடினால் மெல்ல மெல்லக் குலையும். சட்டிக் கலப்பை மண்ணை ஒரே பக்கமாகப் புரட்டிப் போடும். வயலின் நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தால் மண் நடுவில் கூடி முதுகாக எழும். வரப்போரம் தொடங்கி உள்ளே போனால் நடுவில் பள்ளச் சால் விழும், வரப்போரம் மண் ஏறும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி உழுதால் ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் அந்த முதுகோ சாலோ வளர்கிறது. கொத்துக் கலப்பையிலும் இந்தச் சிக்கல் உண்டு. வரப்பருகே வண்டியைத் திருப்புவதற்காகக் கலப்பையைத் தூக்கும்போது, கொத்துகள் இழுத்து வந்த மண் அங்கே விழுந்துவிடுகிறது. பல வயல்களில் நான்கு ஓரமும் உயர்ந்து நடு தாழ்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

வாய்மடைப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் கொண்டுவரும் வண்டல் படிந்து உயரும். ஈரம் காயாத வயலில் அறுவடை வண்டி இறங்கினால் அதன் தடம் அடுத்த போகம்வரை மறையாது. இரண்டு மூன்று துண்டு நிலங்களை வரப்பு கரைத்து ஒன்றாக்கினால் பழைய வரப்பு இருந்த இடமும் படிமட்டமும் தங்கிவிடும். கரையான் புற்று, வெட்டிய மரத்தின் குழி ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது தோப்பெல்லாம் குழியாயிற்று. அப்படிப்பட்ட குழியை ஒரே மூச்சில் மண் தள்ளி மூடினால் உள்ளே விட்ட வேரும் கட்டையும் மட்க மட்கத் தரை ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். வேர்த்தூரை முழுதும் எடுத்துவிட்டு, ஒரு சாண் உயரம் மண் போட்டு மிதித்து, அதன்மேல் அடுத்த சாண் போட்டு மூட வேண்டும்.

முதலில் அளவு

வயலைச் சமன் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை வரவழைத்துவிட்டு அதன் பிறகுதான் மேடு எங்கே என்று தேடத் தொடங்குகிறார்கள். வாடகை வண்டி மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது யோசிப்பதைவிட வீண்செலவு கிடையாது. அளவு எடுப்பது வண்டி வருவதற்கு முந்தைய வேலை.

நெல் வயலில் இதற்கு எளிய வழி, முந்தைய போகத்திலேயே நீர் கட்டியபோது தலைநீட்டிய திட்டுகளுக்கும் நீர் ஆழ்ந்து நின்ற இடங்களுக்கும் குச்சி நட்டு அடையாளம் வைப்பது. தண்ணீர் விட முடியாத காய்ந்த நிலத்தில் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் உதவும். நீளமான, உள்ளே தெரியும் குழாயில் நீர் நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை வயலின் ஓரிடத்தில் நிலையாக வைத்துக்கொண்டு மறுமுனையை இடம் இடமாகக் கொண்டுபோய், நீர்மட்டத்திலிருந்து தரை எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று அளவுகோலில் பார்த்துக் குறிக்கலாம். சில ஏக்கர் பரப்பென்றால் சர்வேயர்கள் வைக்கும் டம்பி லெவல் கருவி வேலையைச் சுருக்கும்.

பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டால் ஓர் ஏக்கரில் சுமார் 40 புள்ளிகள் வரும். எல்லா அளவுகளையும் கூட்டிப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். ஓரிடத்தில் அளவு 120 செ.மீ., இன்னோரிடத்தில் 136 செ.மீ., சராசரி 128 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 120 வந்த இடம் 8 செ.மீ. உயரம், அங்கே வெட்ட வேண்டும். 136 வந்த இடம் 8 செ.மீ. பள்ளம், அங்கே நிரப்ப வேண்டும். 128 வந்த இடத்தில் கைவைக்க வேண்டாம். இந்தக் கட்டப் படத்தை ஒரு தாளில் வரைந்து, வெட்டும் இடத்துக்கு ஒரு நிறமும் நிரப்பும் இடத்துக்கு வேறு நிறமும் தீட்டினால் மண் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பது ஓட்டுநருக்கே தெளிவாகப் புரியும். எந்த மேட்டின் மண் எந்தப் பள்ளத்துக்கு அருகில் இருக்கிறது என்பதும் படத்தில் தெரியும். தொலைவு குறையக் குறைய டீசலும் நேரமும் குறையும்.

அசைக்க வேண்டிய மண்ணின் அளவையும் இந்தப் படத்திலிருந்தே கணக்கிடலாம். ஏக்கரில் பாதி நிலம் மேடு, அதில் சராசரியாக 4 செ.மீ. வெட்ட வேண்டும் என்றால் ஏறத்தாழ 80 கன மீட்டர் மண் இடம் மாறுகிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அந்தக் கணக்கில் இது 28 யூனிட். எடையில் 100 டன்னைத் தாண்டும். கண்ணுக்கு நாலு விரல்கூட வராத மேட்டில் இவ்வளவு மண் இருக்கிறது. வேலை ஏன் அரை மணி நேரத்தில் முடிவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

எந்த மட்டத்துக்குக் கொண்டுவருவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். நீர் நிறுத்தும் நெல்லுக்குத் தரை நான்கு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கலாம். கரும்பு, மக்காச்சோளம், கடலை போன்றவற்றுக்கு வாய்மடையிலிருந்து வடிகால் பக்கம் 100 மீட்டருக்கு 10 முதல் 30 செ.மீ. வரை ஒரே சீரான சரிவு இருந்தால் நீர் ஓடியும் போகும், தேங்கியும் நிற்காது. சொட்டுநீர் போட்டவர் பெரிய அளவில் மண்ணை வெட்டத் தேவையில்லை. மழைநீர் தேங்கும் குண்டுகளைத் தூர்த்தாலே போதும். இயல்பாகவே சரிந்து கிடக்கும் நிலத்தை முழுவதும் ஒரே மட்டத்துக்கு இழுக்க ஆசைப்படுவது பெருந்தவறு. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு இரண்டு மூன்று படிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சமன் செய்தால் வெட்டும் மண் பல மடங்கு குறையும்.

மேல்மண்ணைக் காப்பது

நிலத்தைச் சமன் செய்வதில் தவறாமல் காக்க வேண்டியது மேல்மண். தரையின் மேலே 15 முதல் 20 செ.மீ. வரை உள்ள அடுக்கில்தான் மட்கிய பொருளும் நுண்ணுயிர்களும் பயிருக்கான சத்துகளும் பெரும்பகுதி இருக்கின்றன. அதற்குக் கீழே இருப்பது அடிமண். வண்டல் நிலத்தில் அது இறுகிய களியாக இருக்கும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்மண்ணில் சரளையாக இருக்கும். சில இடங்களில் சுண்ணாம்புக் கட்டியாகவோ உவராகவோ இருக்கும். மேட்டை ஆழமாக வெட்டிப் பள்ளத்தில் தள்ளினால், மேட்டின் வளமான மண் பள்ளத்து வளமண்ணுக்கு மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். மேடு இருந்த இடத்தில் அடிமண் வெளியே வந்துவிடும். பார்வைக்கு வயல் தட்டையாகிவிட்டது. அடுத்த போகத்தில் அந்த இடம் மட்டும் மஞ்சளித்து, கட்டையாக நிற்கும். சமன் செய்ததால் விளைச்சல் குறைந்துவிட்டது என்று சொல்லும் விவசாயிகள் பொய் சொல்லவில்லை. மட்டம் சரியாகிவிட்டது, மேல்மண் போய்விட்டது.

எனவே வெட்டும் ஆழம் மேல்மண்ணில் பாதிக்குள், அதாவது 7, 8 செ.மீ.க்குள் இருந்தால் நேராகவே இழுக்கலாம். அதைத் தாண்டினால் மேல்மண்ணைத் தனியே வழித்து எடுத்து ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, மட்டம் வந்தபின் குவித்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். பள்ளத்திலும் அதே முறைதான்: நிரப்புவதற்கு முன் அங்குள்ள மேல்மண்ணையும் வழித்து ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டால் முதல் பட்டையின் மேல்மண்ணை மட்டும் வெளியே குவித்தால் போதும். இரண்டாம் பட்டையின் மேல்மண் வேலை முடிந்த முதல் பட்டைக்குப் போகும், மூன்றாவதன் மண் இரண்டாவதற்கு. கடைசிப் பட்டைக்கு முதலில் குவித்த மண் வரும். செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது உண்மை. ஆனால் ஒரு அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. அதைப் புதைத்துவிட்டு மிச்சம் பிடிக்கும் வாடகை ஒரு மிச்சமே ஆகாது. அவ்வளவு செலவுக்கு வழியில்லாதவர் வேலையை மூன்று நான்கு கோடைகளுக்குப் பிரித்து ஆண்டுக்குச் சில செ.மீ. மட்டும் வெட்டலாம். இடையிடையே இடும் தொழுஉரமும் பசுந்தாளும் வெளிவந்த மண்ணைத் தேற்றிவிடும்.

காலமும் பதமும்

காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் எடுத்துவிட்டால் நிலம் சும்மா கிடக்கும் காலம் ஏப்ரல், மே. மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. இடைப்பட்ட அந்தக் கோடைதான் சமன் வேலைக்கு உரிய காலம். ஒரு கோடை மழை பெய்து, மண் ஓரளவு இளகி, மேலே காய்ந்திருக்கும் நாட்கள் இன்னும் நல்லது.

பதம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து உருண்டையாக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் சரி. நசுங்கித் தட்டையாகி விரலில் ஒட்டினால் ஈரம் அதிகம். அந்த மண்ணில் டயர் ஏறினால் தரை கல்லாக இறுகும், பிளேடில் மண் அப்பிக்கொள்ளும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மண் மிகவும் காய்ந்துவிட்டது. பிளேடு மேட்டைச் சீவாமல் மேலே வழுக்கிப் போகும், களிமண்ணில் பாளம் பாளமாகப் பெயரும். கரிசலில் இந்தப் பதம் இரண்டு மூன்று நாட்களே நிற்கும். மணல் கலந்த மண்ணில் அவ்வளவு அவசரம் இல்லை.

வண்டி ஓடும் முன் தாள், புல், செடி கொடி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பிளேடுக்கு அடியில் வைக்கோல் சுருண்டு சிக்கினால் மண்ணை அள்ளாமல் மேலேறிப் போகும். சீமைக் கருவேல் அழித்த நிலமென்றால் வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுப்பது கட்டாயம். மறைந்திருக்கும் கட்டையில் பிளேடு மாட்டினால் வண்டியே தூக்கிப் போடும். அடுத்து உழவு. மேடுகளை வெட்டும் ஆழத்துக்கு ஒன்பது கொத்துக் கலப்பையால் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் உழுது பொடியாக்க வேண்டும். பள்ளங்களை லேசாகக் கீறினால் போதும். மேலே விழும் புது மண் அடிமண்ணோடு பிடித்துக்கொள்வதற்கு அந்தக் கீறல் உதவும்.

பிளேடு செய்வதும் கெடுப்பதும்

சாதாரண வேலைக்கு 35 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டரும் அதன் பின்னால் மூன்று இணைப்பில் மாட்டும் லெவலிங் பிளேடும் போதும். பிளேடு என்பது சற்று வளைந்த இரும்புத் தகடு, அடியில் தேய்ந்தால் மாற்றக்கூடிய வெட்டுப்பட்டை. இரு பக்கமும் தடுப்பு வைத்துப் பெட்டி போல் செய்த வகையில் மண் ஓரத்தில் வழியாமல் கூடவே வரும். தொலைவாக மண் கொண்டுபோக இது நல்லது. வண்டியின் முன்னால் மாட்டும் டோசர் பிளேடு புற்றையும் பழைய வரப்பையும் தள்ள ஏற்றது. ஆள் உயர மேடு, பெருங்குழி என்றால் ஜேசிபியோ புல்டோசரோ இல்லாமல் நடக்காது. ஆனால் நுணுக்கமான மட்டத்துக்கு அவற்றை நம்பக் கூடாது.

பின்பக்க பிளேடைப் பூட்டிக்கொண்டு வயல் முழுக்கப் பத்துச் சுற்று ஓட்டியும் மேடு பள்ளம் போகவில்லை, அலை அலையாக வேறு இடத்தில் எழுந்துவிட்டது என்ற குறை அடிக்கடி கேட்பது. ஓட்டுநர் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும்; வண்டியின் அமைப்பே இதைச் செய்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர், பின் அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் பிளேடு என்று கொள்ளலாம். முன் சக்கரம் 10 செ.மீ. மேட்டில் ஏறும்போது வண்டியின் மூக்கு உயர, பின் அச்சைத் தாண்டி இருக்கும் பிளேடு 6 செ.மீ. கீழே அழுந்துகிறது. அதாவது மேட்டை எட்டுவதற்கு 3 மீட்டர் முன்பே, தட்டையான தரையில் ஒரு குழியைத் தோண்டுகிறது. வண்டி நகர்ந்து முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் மேட்டில் ஏறும் கணத்தில் பிளேடு தன் இடத்திலிருந்து 16 செ.மீ. வரை தூக்கப்படுகிறது. சீவ வேண்டிய மேட்டில் சீவாமல், அதுவரை அள்ளி வந்த மண்ணையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. பழைய மேடு அப்படியே இருக்க, அதன் முன்னால் புதுப் பள்ளம் விழுந்தாயிற்று.

இதற்கு மாற்று, வயல் முழுக்க ஓடாமல் மேட்டிலிருந்து வேலையைத் தொடங்குவது. வண்டி முழுவதும் மேட்டுக்கு மேலே நின்றபின் பிளேடை இறக்கி, 2, 3 செ.மீ. மட்டும் சீவி, பள்ளத்தின் தூரமான முனைக்கு இழுத்துக் கொட்டிவிட்டு, பிளேடைத் தூக்கியபடி திரும்பி வர வேண்டும். அடுத்த நடையில் இன்னும் 2, 3 செ.மீ. மேடு படிப்படியாகத் தேயத் தேய வண்டி ஆடுவதும் குறையும். முதல் இரண்டு கியருக்கு மேல் போனால் பிளேடு துள்ளும். பழைய உழவுச் சால் ஓடிய திசையிலேயே ஓட்டினால் சக்கரம் சாலுக்குள் இறங்கிவிடும். மூலைக்கு மூலையாகச் சாய்த்து ஓட்டி, பிறகு அதற்குக் குறுக்கே ஓட்ட வேண்டும்.

ஹைட்ராலிக்கில் இரண்டு லிவர்கள் இருக்கும். உழவில் பயன்படும் டிராஃப்ட் கண்ட்ரோல், இழுவை கூடினால் கருவியைத் தானாகத் தூக்கும்; சமன் வேலையில் இது கூடாது, மண் சேர்ந்த இடத்திலெல்லாம் பிளேடு எழும்பிவிடும். பொசிஷன் கண்ட்ரோலில் வைத்து, கை லிவரிலேயே இருக்க, நூல் நூலாக ஏற்றி இறக்க வேண்டும். மூன்று இணைப்பில் மேலே உள்ள டாப் லிங்கைச் சுருக்கினால் பிளேடின் வாய் முன்னே குனிந்து மண்ணைக் கடிக்கும், நீட்டினால் கடிக்காமல் தேய்த்துப் பரப்பும். வெட்டு வேலை முடிந்து கடைசி மெருகுக்குப் பிளேடையே பின்முகமாகத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் முன்னே வர ஓட்டுவதும் உண்டு. சிறு பிதுக்கங்கள் அடங்கிவிடும். நீளமான சட்டத்தின் நடுவில் பிளேடு பொருத்திய இழுவைச் சமன்கருவி கிடைத்தால் மெருகு இன்னும் நன்றாக வரும். சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் தொலைவில் இருப்பதால் ஒரு முனை மேட்டில் ஏறினாலும் நடுவில் உள்ள பிளேடு அதில் பாதிதான் உயரும்.

பள்ளத்தில் மண்ணை ஒரே குவியலாகக் கொட்டாமல் நாலைந்து விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் டயர் ஓடிய பிறகு அடுத்த அடுக்கைப் போட வேண்டும். பெயர்த்த மண் உப்பியிருக்கும். நீர் பட்டால் அமரும். 10 செ.மீ. நிரப்ப வேண்டிய இடத்தில் 12 செ.மீ. நிரப்பி விடுவது நல்ல வழக்கம். வரப்போரத்தில் ஓட்டும்போது சக்கரம் விளிம்பில் ஏறாமல் ஒரு கஜம் விலகியே இருக்க வேண்டும். வரப்பு சரிந்து வண்டி கவிழ்ந்தால் உயிர் போகும். அந்த ஓரத்து மண்ணை மண்வெட்டியால் எடுப்பதே முறை.

லேசர் லெவலர்

மனிதக் கண்ணும் கையும் சேர்ந்து 4, 5 செ.மீ. வித்தியாசத்துக்குள் கொண்டுவருவதே பெரிது. அதை 1, 2 செ.மீ.க்குள் சுருக்கியது லேசர் கருவி. இந்தியாவில் 2001-இல் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அறிமுகமாகி, பஞ்சாப், ஹரியாணா நெல், கோதுமை வயல்களில் வேகமாகப் பரவியது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகவும் தனியார் வாடகையிலும் கிடைக்கிறது. துறையின் இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

வயலின் ஓரத்திலோ நடுவிலோ முக்காலியில் ஒரு பெட்டி நிற்கும். அதன் தலை சுழன்றுகொண்டே லேசர் கதிரை எல்லாத் திசையிலும் வீசும். வயலுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தளம் விரித்தது போல அது அமைகிறது. டிராக்டர் இழுக்கும் பக்கெட்டின் மேல் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் கதிரை வாங்கும் உணரி. பக்கெட் மேட்டில் ஏறினால் உணரி கதிருக்கு மேலே போகும். உடனே கட்டுப்பாட்டுப் பெட்டி ஹைட்ராலிக் வால்வைத் திறந்து பக்கெட்டை இறக்கும், அது மண்ணை வெட்டி அள்ளும். பள்ளத்தில் இறங்கினால் பக்கெட்டைத் தூக்கும், மண் கொட்டும். ஒரு நொடியில் பல முறை இந்தத் திருத்தம் நடப்பதால் வண்டி எவ்வளவு ஆடினாலும் பக்கெட்டின் விளிம்பு ஒரே தளத்தில் ஓடுகிறது. ஓட்டுநர் முன்னால் இருக்கும் விளக்குகள் பக்கெட் உயரமாக இருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, மட்டத்தில் இருக்கிறதா என்று காட்டிக்கொண்டே இருக்கும். அவர் செய்ய வேண்டியது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எந்த வழியாக ஓட்டுவது என்று பார்த்து ஓட்டுவது மட்டும்.

இயந்திரம் இவ்வளவு செய்தாலும் அளவெடுப்பு தவிர்க்க முடியாதது. வயலின் சராசரி மட்டத்தில் பக்கெட்டை நிறுத்திக் கம்பத்தின் உயரத்தைப் பொருத்தினால்தான் வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் சரியாக ஈடாகும். சராசரிக்குக் கீழே பொருத்திவிட்டால் பள்ளம் எல்லாம் நிரம்பிய பிறகும் பக்கெட் நிறைய மண் மிஞ்சும். மேலே பொருத்தினால் பள்ளம் நிரம்ப மண் போதாது. முக்காலி உறுதியான தரையில், கதிர் டிராக்டரின் கூரைக்கு மேலே போகும் உயரத்தில் நிற்க வேண்டும். பலத்த காற்றில் முக்காலி அதிரும், புழுதி பறந்தால் கதிர் மங்கும். பகல் வெளிச்சத்தைச் சார்ந்த கருவி அல்லாததால் காற்று அடங்கிய இரவிலும் வேலை நடக்கும். இதற்கு 50 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள டிராக்டர் தேவை. பத்து சென்ட், பதினைந்து சென்ட் துண்டுகளில் வண்டி திரும்புவதிலேயே நேரம் போய்விடும். அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் வாடகை பகிர்ந்துபோகும்.

கிடைக்கும் பலன் வயலுக்கு வயல் மாறும். வட இந்திய ஆய்வுகள் பாசன நீரில் 20 முதல் 30 சதவீதம் வரை மிச்சம் காட்டின. கம்போடியாவில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நடத்திய சோதனைகளில் சமன் செய்த வயல்களில் நெல் விளைச்சல் சராசரியாக 24 சதவீதம் கூடியது. களையெடுக்கும் ஆள்கூலியும் வெகுவாகக் குறைந்தது.

சேற்றில் சமன் செய்தல்

காய்ந்த நிலத்தில் எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் நெல் வயலின் கடைசி மட்டம் தொளியில்தான் அமையும். வயலில் தண்ணீர் விட்டு, இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டரால் சேறு கலக்கியபின், நீரை ஒரு அங்குலத்துக்கு வடித்துவிட வேண்டும். ஆழமாக நீர் நின்றால் மேடு மறைந்துவிடும். தலைநீட்டும் திட்டுகளிலிருந்து பரம்புப் பலகையைக் குறுக்கே இழுத்தால் குழைந்த சேறு பலகையோடு நகர்ந்து பள்ளத்தில் இறங்கும். மாடு கட்டிய காலத்தில் பலகை மேல் ஆள் ஏறி நிற்பார்; மேட்டில் முன்பக்கம் அழுத்தியும் பள்ளத்தில் பின்பக்கம் சாய்ந்தும் உடல் எடையாலேயே மண்ணை எடுக்கவும் விடவும் செய்வார். அந்தக் கைத்திறன் இப்போது டிராக்டர் ஓட்டுநரின் ஹைட்ராலிக் லிவருக்கு வந்திருக்கிறது. ஓடும் டிராக்டரின் பரம்பில் ஆள் நிற்பது மட்டும் கூடவே கூடாது. சேற்றில் 3, 4 செ.மீ. திட்டுகளைத்தான் கரைக்க முடியும். அதற்கு மேற்பட்ட மேட்டைச் சேற்றில் இழுப்பது மேல்மண்ணையும் நேரத்தையும் வீணாக்கும். அது கோடையில் முடித்திருக்க வேண்டிய வேலை.

திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை நட்டு இரண்டரை செ.மீ. நீரே கட்டச் சொல்கிறார்கள். முளைகட்டிய விதையை டிரம் சீடரில் விதைப்பவருக்கும் தரை சமனாகத்தான் இருக்க வேண்டும். வயல் சமனில்லாவிட்டால் இந்த இரண்டு முறைகளும் சரிவராது. 8 செ.மீ. பள்ளம் உள்ள வயலில் இரண்டரை செ.மீ. நீர் என்பதற்குப் பொருளே இல்லை.

சமன் செய்த பின்

முதல் போகத்தில் வயல் முழுவதும் ஒரே உரம் போதாது. மண் வெட்டிய இடங்களைப் படத்திலிருந்து அடையாளம் கண்டு அங்கே தொழுஉரத்தைக் கூடுதலாக இட வேண்டும். ஏரி, கண்மாய் வண்டலை உரிய அனுமதி பெற்று எடுத்துவந்து அந்தத் திட்டில் பரப்பினால் இழந்த மேல்மண்ணுக்கு ஓரளவு ஈடாகும். நெல்லுக்கு அடியுரமாக எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்ற பரிந்துரை அடிமண் வெளிவந்த இடத்தில் மிகவும் முக்கியம்; நட்ட சில வாரத்தில் இலையில் துருப்புள்ளி விழுந்து பயிர் தேங்குவது பெரும்பாலும் துத்தநாகக் குறையே. களர் மண் வெளியே வந்திருந்தால் மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில், மடக்கி உழுவது எல்லா மண்ணுக்கும் ஏற்ற மருந்து. ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். வெட்டிய திட்டில் அதன் வேர்கள் இறுகிய களியைத் துளைக்கும், மடக்கிய தழை மட்கி உரமாகும்.

நிரப்பிய இடங்கள் முதல் மழையிலும் முதல் நீர்க்கட்டிலும் அமரும். அடுத்த கோடையில் மீண்டும் ஒரு முறை அளந்து, அமர்ந்த இடத்தை மட்டும் லேசாகத் தொட்டால் போதும். கவனமாக வைத்துக்கொண்ட வயல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பெரிய வேலை கேட்காது. கவனம் என்பது உழவில்தான். ஓர் ஆண்டு நடுவிலிருந்து தொடங்கினால் அடுத்த ஆண்டு ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். இரு பக்கமும் புரட்டும் மீள்கலப்பை கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. வரப்பருகே கலப்பையைத் தூக்கும் இடத்தையும் போகத்துக்குப் போகம் சற்று மாற்றிக்கொள்ளலாம். வாய்மடையில் சேரும் வண்டலை ஆண்டுக்கு ஒரு முறை வாரி உள்ளே பரப்பிவிட வேண்டும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துத் தரையைக் காயவிட்டால் அறுவடை வண்டியின் தடம் ஆழப் பதியாது. ஈரம் காயாமல் அறுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் டயர் வண்டியைத் தவிர்த்துச் செயின் வண்டியை இறக்குவது வயலுக்கு நல்லது.